அளவை தந்த அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

தோற்றுவாய்

தமிழ்த்துறை மலரில் பூஞ்சைக்கு என்ன இடம் என்று படிப்போர் வினவக்கூடும். இலக்கியமும் இலக்கணமும் மட்டுமே தமிழின் எல்லை என்று கருதியிருந்த காலம் மலையேறிவிட்டது. எத்துறை அறிவாயினும் அதனை நம் மொழியில் தெளிவுற எடுத்துரைக்கும் ஆற்றல் நமக்கு வேண்டும். அவ்வாற்றல் எழுதி எழுதியே கைவரும். இவ்வெண்ணமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

பகுதி ஒன்றில் நம்மிடம் தமிழ் பயின்ற அறிவியல் மாணவர்கள், பின்னாளிலும் தம் துறைச் சொற்களுக்குத் தமிழ் கேட்டு வருவது வழக்கம். கொடுங்கையூரிலிருந்து நாள்தோறும் வந்து பயிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவர், அவ்வாறே தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்போடு ஒருநாள் வந்தார். பூஞ்சைகள் நொதியை மிகுதியாகச் சுரப்பதற்கு உகந்த வளர்ச்சிச் சூழலைக் கண்டறிதல் என்பது அத்தலைப்பின் பொருள். ஆய்வுக்குரிய பூஞ்சையைத் தம் ஊர்க் குப்பைக் கிடங்கை ஒட்டிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்ததாகச் சற்றே தயங்கியவாறு கூறினார். கட்டுரையைப் புரட்டினோம். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்னும் தொடர் பலமுறை வந்திருந்தது. அந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்டோம். பாடநூல் எழுதியவராக இருக்கலாம் என்பது அவர் விடை.

அவ்விடை நம் நெஞ்சை உறுத்தியது. சுப்பாராவ் நம் சென்னையில் பயின்றவர். திருவல்லிக்கேணித் தெருக்களிலும் மாநிலக் கல்லூரியின் கடற்கரைச் சாலையிலும் நடந்தவர். உலகெங்கும் எண்ணற்ற நோயாளிகள் உயிர்பிழைக்கக் காரணமான மருந்துகள் அவர் தலைமையில் உருவாயின. எனினும் அவர் காட்டிய முறையை நாள்தோறும் கையாளும் மாணவர்க்கே அவர் யாரெனத் தெரியவில்லை. பூஞ்சையும் நொதியும் என்னும் வாயில் வழியே நுழைந்து அப்பெரியாரின் வாழ்வைக் காண்பதே நம் நோக்கம்.

பூஞ்சையும் அதன் விளைச்சலும்

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. தான் வளரும் பொருளின் மீதே நொதிகளைச் சுரந்து, அப்பொருளை வெளியிலேயே செரித்து, கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது அது. நொதி என்பது உயிரினங்கள் ஆக்கும் ஊக்கி. பெரும்பாலும் புரதமாக அமைவது. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவது ஒரு நொதி. புரதத்தைத் துண்டாடுவது மற்றொன்று. பழச்சாற்றைத் தெளியவைப்பது வேறொன்று. துணியில் ஏறிய கஞ்சியை நீக்குவதற்கும், தோலை மென்மையாகப் பதப்படுத்துவதற்கும் நுண்ணுயிர்களின் நொதிகள் இன்று பயன்படுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலை அறிந்தோர்க்கு இதன் பயன் விளங்கும்.

இத்தொழிலுக்கு வழிகோலியவர் ஜப்பானியராகிய ஜோகிச்சி தகாமினே. சோயாச் சாறு முதலிய புளித்த உணவுகளுக்காக ஜப்பானியர் காலங்காலமாக வளர்த்துவந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையை, அவர் அமெரிக்காவில் கோதுமைத் தவிட்டின் மீது வளர்த்தார். மாவைச் செரிக்கும் நொதியை அதிலிருந்து பிரித்தெடுத்து 1894ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். டாக்கா டயஸ்டேஸ் என்னும் பெயரில் அது செரிமான மருந்தாக விற்பனைக்கு வந்தது.

தவிட்டைக் குவித்துப் பூஞ்சையைத் தூவிவிட்டால் நொதி விளைந்துவிடாது. ஈரம் மிகுந்தால் தவிட்டின் இடைவெளிகள் அடைபட்டுக் காற்று புகாது. ஈரம் குறைந்தால் வளர்ச்சி குன்றும். வளரும் பூஞ்சை தானே வெப்பத்தை வெளியிடுவதால், அவ்வெப்பத்தைத் தணிக்காவிடில் அதுவே பூஞ்சையை வாட்டும். அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, ஊட்டப்படும் சர்க்கரையின் வகை, நைட்ரஜன் தரும் பொருள், வளரவிடும் நாள்கள் என ஒவ்வொன்றும் விளைச்சலைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒருநாள் முந்தி அறுத்தால் நொதி நிறைந்திராது. பிந்தி அறுத்தால், விளைந்த நொதியைப் பூஞ்சையின் பிற நொதிகளே சிதைத்துவிடுதலும் உண்டு. நெற்பயிரின் பருவம் பார்க்கும் உழவனின் கண் இங்கும் வேண்டும்.

ஆனால் உழவனுக்கு உள்ள ஒரு வசதி ஆய்வாளனுக்கு இல்லை. கதிர் முற்றியதைக் கண் காணும். நொதி மிகுந்ததைக் கண் காணாது. பத்துக் குடுவைகளில் பத்து வகையாக வளர்த்த பூஞ்சைகளுள் எது வென்றது? தழைத்துப் படர்ந்த பூஞ்சை நொதியில் பின்தங்குவதும், மெலிந்து தோன்றியது மிகுதியாகச் சுரப்பதும் உண்டு. ஆகவே அளந்து பார்த்தல் வேண்டும். அளவை இல்லாத இடத்தில் உகந்த சூழல் என்னும் சொல்லுக்கே பொருளில்லை. அத்தகைய அளவைகளுள் ஒன்றை உலகுக்குத் தந்தவரே சுப்பாராவ்.

பிறப்பும் இளமையும்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் கோதாவரி மாவட்டத்தில் இருந்தது. இன்று ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த்துறையில் சிறு பணி பார்த்தவர். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர்; வருவாயோ சிறிது. வறுமை அவ்வில்லத்தின் நிலையான விருந்தாளியாக இருந்தது.

பதின்மூன்றாம் வயதில் சிறுவர் சுப்பாராவ் வீட்டைவிட்டு வெளியேறினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவர் திட்டம். வழியிலேயே பிடித்துக் கொணரப்பட்டார். மகன் படித்தே தீரவேண்டும் என்பதில் தாயார் உறுதியாக நின்றார். படிப்போ எளிதில் வசப்படவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முயற்சியில் வென்றார். பின்னாளில் உலகம் வியந்த அறிஞரை, இருமுறை தோற்ற மாணவராகவே சென்னை முதலில் கண்டது.

சென்னையில் கற்ற காலம்

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த சுப்பாராவின் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்துத் துறவியரை அணுகினார். மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்வதே அவருக்கு ஏற்ற வழி என அவர்கள் நெறிப்படுத்தினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு சேஷகிரி அம்மையாரை மணந்தார். மாமனார் சூரியநாராயண மூர்த்தி அவர் படிப்புக்குத் துணைநின்றார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியரான பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு தேறியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிட்டியது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், இயலவில்லை. ஆகவே டாக்டர் இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியேற்றார்.

இக்காலத்தே அவர் குடும்பத்தைப் பேரிடி தாக்கியது. உடன்பிறந்தோர் இருவர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். வெப்பநாடுகளில் குடலைத் தாக்கி, உண்டது உடலில் ஒட்டாமல் வற்றச்செய்யும் ஸ்புரூ என்னும் நோயே காரணம். சுப்பாராவும் அந்நோயால் வருந்தியவரே. மருத்துவம் கற்றும் உடன்பிறந்தோரைக் காக்க முடியவில்லை என்னும் துயர் அவரை ஆய்வின்பால் திருப்பியது. அறக்கட்டளை ஒன்றின் உதவியோடும் மாமனாரின் உதவியோடும் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். இளம் மனைவியைப் பிரிந்து சென்ற அவர் தாயகம் திரும்பவே இல்லை.

பாஸ்டனில் பிறந்த நீல நிறம்

இந்திய மருத்துவத் தகுதி கொண்டு அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் படித்தார். இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்யும் கடைநிலைப் பணியாற்றினார். 1924ஆம் ஆண்டு பட்டயம் பெற்றபின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

ஃபிஸ்க் அவருக்கு ஒப்படைத்தது பாஸ்பரஸை அளக்கும் சிக்கல். குருதியிலும் சிறுநீரிலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று திருத்தமாக அறிய அந்நாளில் நல்ல வழியில்லை. இருந்த முறைகளில் தோன்றிய நிறம் சீராக நிலைக்கவில்லை. சுப்பாராவ் பல பொருள்களை மாற்றி மாற்றிச் சோதித்தார். கரைசலில் உள்ள பாஸ்பேட், அமிலச் சூழலில் மாலிப்டேட்டோடு கூடுகிறது. அக்கூட்டுப்பொருளின் மீது ஏற்றதோர் ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றுகிறது. பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடர்கிறது, குறைந்தால் வெளிறுகிறது. நீலத்தின் அடர்த்தியை நிறமானியில் ஒப்பிட்டால் பாஸ்பேட்டின் அளவு எண்ணாகக் கைக்கு வந்துவிடும். 1925ஆம் ஆண்டு இம்முறை வெளியாயிற்று. அறிவியல் உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அளவை திருத்தமாக அமைந்தால், அது பிழைபோலத் தோன்றுவதைக்கொண்டே புதியதைக் காட்டும். தசைச் சாற்றை இம்முறையில் சோதித்தபோது நீலம் உடனே முழுமையாகத் தோன்றாமல், சிறிது சிறிதாக ஏறியது. வேறொருவராயின் கைத்தவறு என ஒதுக்கியிருப்பர். சுப்பாராவும் ஃபிஸ்க்கும் ஒதுக்கவில்லை. எளிதில் சிதையும் ஏதோ ஒரு பொருளில் பாஸ்பேட் கட்டுண்டு கிடக்கிறது. சோதனைக் கரைசலில் அது மெல்லமெல்ல விடுபடுகிறது. நிறம் தாமதமாவது அதனால்தான் என உணர்ந்தனர். பாஸ்போகிரியேட்டின் என்னும் அப்பொருளை 1927ஆம் ஆண்டு அறிவித்தனர். 1929ஆம் ஆண்டு ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பாரும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டறிந்தார். பூஞ்சை முதல் மனிதர் வரை எல்லா உயிர்களும் ஆற்றலைச் செலவிட்டு வரவுவைக்கும் நாணயம் இந்த ஏ.டி.பி. என்பதைப் பின்வந்த ஆய்வுகள் நிறுவின.

1930ஆம் ஆண்டு சுப்பாராவ் ஆய்வுப் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. தம் பங்கை முன்னிறுத்திப் பேசும் இயல்பும் அவரிடம் இல்லை. அத்துறையில் அவரோடு பணியாற்றியவரும் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில ஃபிஸ்க்கின் மனப்போக்கால் வெளிச்சத்துக்கு வராமற்போயின என்றும், பின்னர் வேறு அறிஞர்கள் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும் கூறியுள்ளார்.

அளவையும் விளைச்சலும்

இனி நம் மாணவரின் குடுவைகளுக்கு வருவோம். தவிட்டிலும் பருப்பிலும் எண்ணெய்வித்துப் பிண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி, பைட்டேட் என்னும் பொருளில் பூட்டப்பட்டுள்ளது. கோழி போன்ற ஒற்றை வயிற்று உயிர்களால் அப்பூட்டை நன்கு திறக்க இயலாது. தீவனத்தில் பாஸ்பரஸ் இருந்தும் பறவைக்கு அது போதிய அளவு கிட்டாமல் எச்சத்தோடு வெளியேறி நீர்நிலைகளைக் கெடுக்கும். பூட்டைத் திறக்கும் சாவி பைட்டேஸ் என்னும் நொதி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் கருநிறப் பூஞ்சை அதனைச் சுரக்கவல்லது. 1990களின் தொடக்கம் முதல் இந்நொதி தீவனத்துக்கென வணிக அளவில் விற்பனையாகிறது. நாமக்கல் வட்டாரத்தைப் போலக் கோழி வளர்ப்பே வாழ்வாகவுள்ள பகுதிகளுக்கு இதன் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

பூஞ்சை வளர்ந்த தவிட்டிலிருந்து நொதிச் சாற்றை வடிக்கின்றனர். அதனோடு பைட்டேட்டைக் குறித்த வெப்பநிலையில் குறித்த நேரம் வைக்கின்றனர். நொதி மிகுதியாயின் விடுபடும் பாஸ்பேட்டும் மிகுதி. அந்தப் பாஸ்பேட்டை அளப்பது எங்ஙனம்? மாலிப்டேட் சேர்த்து நீலத்தை வருவித்தே. ஒடுக்கும் பொருள்களில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாற்றங்கள் இருப்பினும், 1925ஆம் ஆண்டு வகுத்த நெறி மாறவில்லை. எக்குடுவையின் சாறு அடர்நீலம் காட்டுகிறதோ அக்குடுவையின் சூழலே உகந்தது.

இவ்வாய்வில் வியப்பான உண்மையொன்றும் வெளிப்பட்டது. வளர்ப்பு ஊடகத்தில் எளிதில் கிட்டும் பாஸ்பேட்டை மிகுதியாகக் கலந்தால் பூஞ்சை நன்கு தழைக்கிறது. ஆனால் பைட்டேஸ் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கைக்கெட்டும் உணவு இருக்கையில் பூட்டைத் திறக்க அது ஏன் முயலவேண்டும்? பாஸ்பேட்டைச் சற்றே அரிதாக்கும்போதுதான் நொதி பெருகுகிறது. அதற்காக அறவே பட்டினி போட்டால் வளர்ச்சியே இராது. தழைப்பதற்கு உகந்த சூழல் வேறு. தருவதற்கு உகந்த சூழல் வேறு என்பதனை இப்பூஞ்சை நமக்குக் கற்பிக்கிறது.

மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆய்வின் பழைய வழி. வெப்பமும் ஈரமும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகையில் அவ்வழி ஏமாற்றிவிடும். ஆகவே பலவற்றை ஒருங்கே மாற்றிக் கணக்கிடும் புள்ளியியல் திட்டங்களை 1946ஆம் ஆண்டு பிளாக்கெட், பர்மன் என்போரும், 1951ஆம் ஆண்டு பாக்ஸ், வில்சன் என்போரும் வகுத்தளித்தனர். இன்றைய மாணவர் கணினியில் இவற்றைக் கையாளுகின்றனர். கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் அதற்கு ஊட்டப்படும் எண் பிழையாயின் முடிவும் பிழையே. அந்த எண்ணைத் தருவது நீலத்தின் அடர்த்தி.

லெடர்லியில் ஆற்றிய பணி

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். நுண்ணுயிர்களின் வளர்ச்சிச் சூழல் என்னும் பொருள் அங்கும் அவரைத் தொடர்ந்தது.

பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையே கருவுற்ற பெண்களைத் தாக்கிய சோகையை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்தார். ஈஸ்டு என்னும் நுண்பூஞ்சையின் சாறு அதனைத் தீர்க்கிறது என 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த மருந்து எது என்பது தெரியவில்லை. அதனைத் தேடியவர்கள் ஒரு தந்திரத்தைக் கையாண்டனர். குறிப்பிட்ட பாக்டீரியா ஒன்று அச்சத்து இல்லாமல் வளராது. ஊடகத்தில் மற்றெல்லாச் சத்துகளையும் வைத்து, ஐயத்துக்குரிய சாற்றை மட்டும் சேர்த்துப் பார்ப்பர். பாக்டீரியா எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு சத்து அதில் உண்டு என்பது கணக்கு. உயிரின் வளர்ச்சியே இங்கு அளவுகோலாயிற்று. ஈரலிலிருந்தும் நுண்ணுயிர் வளர்ப்பிலிருந்தும் அச்சத்தைத் தேடிய சுப்பாராவின் குழுவினர், 1945ஆம் ஆண்டு போலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தொகுத்து ஆக்கிக் காட்டினர். சோகைக்கு மட்டுமன்றி ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. உடன்பிறந்தோரை மாய்த்த நோய்க்கு மருந்து கண்டவர் என்னும் பேறு, அவர்கள் மறைந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்தபின் சுப்பாராவுக்கு வாய்த்தது.

போலிக் அமிலம் வளர்ச்சியைத் தூண்டுமாயின், அதனைப் போலத் தோன்றி அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் வளர்ச்சியைத் தடுக்கும் அன்றோ? இவ்வழியில் அமினாப்டெரின், மெதோட்ரெக்சேட் ஆகியன உருவாயின. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினாப்டெரினைக் கொடுத்தார். சிலரிடத்தே நோய் தற்காலிகமாகவேனும் தணிந்ததை 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். புற்றுநோய்க்கு மருந்தால் சிகிச்சை என்னும் துறையின் தொடக்கங்களுள் அது தலையாயது. மெதோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

உலகப்போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெருக்கும் முயற்சியில் ஈடுபட்ட நிறுவனங்களுள் லெடர்லியும் ஒன்று. பெனிசிலின் நொதியன்று, எனினும் பூஞ்சையின் விளைச்சலே. அமெரிக்காவின் பியோரியா நகரத்து அரசு ஆய்வகத்தினர், மக்காச்சோளத்தை ஊறவைத்து எஞ்சும் கழிவு நீரை ஊடகத்தில் சேர்த்ததும், கெட்டுப்போன முலாம்பழத்திலிருந்து வீரியமிக்க பூஞ்சையை 1943ஆம் ஆண்டு பிரித்தெடுத்ததும் விளைச்சலைப் பன்மடங்காக்கின. உகந்த சூழலைத் தேடுவது போர்க்களத்து உயிர்களைக் காக்கும் செயலாயிற்று. சுப்பாராவின் ஆய்வகத்திலேயே பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலறிஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுள் முதன்மையான அது 1948ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

நம் மக்களுக்கு மிக நெருக்கமான மருந்தொன்றும் அங்கு உருவாயிற்று. 1947ஆம் ஆண்டு வெளியான டையெத்தில்கார்பமசைன், யானைக்கால் நோய்க்கிருமியை அழிப்பது. சாக்கடை நீரில் பெருகும் கொசுக்களால் பரவும் அந்நோயின் கொடுமையைக் கால்வாய்க் கரையோர மக்கள் நன்கறிவர். 2004ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில் இல்லந்தோறும் ஆண்டுக்கொருமுறை வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. விழுங்கியவர்க்கும் வழங்கியவர்க்கும் சுப்பாராவின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மறைவும் நினைவும்

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓர் இரவு, உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை 53. தாயகம் விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடிமகனாகவில்லை. பெரும் பரிசுகள் எவையும் அவரைத் தேடி வரவில்லை. 1995ஆம் ஆண்டு, அவர்தம் நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அதற்கு நெடுநாள் முன்பே வேறொரு நினைவுச் சின்னம் அவருக்கு அமைந்துவிட்டது. லெடர்லியில் பணியாற்றிய கிளிஃபர்டு ஹெசல்டைன் என்னும் பூஞ்சையியல் அறிஞர், அதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சையினத்தை 1953ஆம் ஆண்டு விவரித்து, அதற்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் எனப் பெயரிட்டார். முற்பகுதி சுப்பாராவின் பெயர். பிற்பகுதிக்கு ஒளிர்வது என்பது பொருள். ஹெசல்டைன் பின்னர்ப் பியோரியா ஆய்வகம் சென்று, தானியங்களின் மீது பூஞ்சைகளை வளர்க்கும் கலையில் பெரும்பெயர் பெற்றார். தகாமினே ஒருகாலத்தில் தம் பூஞ்சையோடு முயன்ற நகரமும் அதுவே.

ஒளிரும் அப்பூஞ்சை எங்கே கிடைத்தது? சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் வடிகட்டியில். கற்களைப் பரப்பிய படுகையின் மீது கழிவுநீரைச் சொட்டச்சொட்ட விடுவர். கற்களின் மீது பாக்டீரியாவும் பூஞ்சையும் மெல்லிய ஏடாகப் படரும். அவை சுரக்கும் நொதிகள் கழிவைச் சிதைக்கும், நீர் தெளியும். இரவெல்லாம் கழிவுக் கலங்களைக் கழுவிப் படித்த ஒருவரின் பெயர், கழிவைத் தூய்மையாக்கும் சூழலில் வாழும் உயிருக்கு வாய்த்தது தற்செயலே. எனினும் அதனினும் பொருத்தமான சின்னம் வேறொன்று இருக்க முடியுமா என்று எண்ணுகிறோம்.

நிறைவுரை

கொடுங்கையூர் என்றதும் பலர்க்கு நினைவில் எழுவது பல பத்தாண்டுகளாகச் சென்னையின் குப்பை குவிந்த கிடங்கே. அவ்வழியே செல்வோர் மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். அதே கொடுங்கையூரில் நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களும் உள்ளன. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் தூய்மையாக்கி மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் அங்கே 2019ஆம் ஆண்டு செயற்பாட்டுக்கு வந்தது. கழிவுநீர்த் தொட்டிகளில் முதலில் உழைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே.

நம் மாணவர் தயங்கிக் கூறிய செய்தியை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். குப்பை மேட்டருகே எடுத்த மண் என்பதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆரியோமைசினைத் தந்த உயிரும் மண்ணிலிருந்து எடுத்ததே; பெனிசிலினைப் பெருக்கிய பூஞ்சையும் கெட்டுப்போன பழத்தில் கிடைத்ததே. சிதைவு மிகுந்த இடத்தில்தான் சிதைக்கவல்ல நொதிகளும் மிகுதி என்பதால், ஆய்வாளர்கள் அத்தகைய இடங்களைத் தேடிச் செல்கின்றனர்.

சுப்பாராவின் கதையைச் சொன்னபின் அம்மாணவர் தம் கட்டுரையின் முன்னுரையில் இரு திருத்தங்கள் செய்தார். முறையின் பெயரைக் குறித்த இடத்தில் அதனை வகுத்தவர் சென்னையில் பயின்றவர் என்று ஒரு வரி சேர்த்தார். வட சென்னைப் பகுதி மண் என்று பொதுவாக எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கொடுங்கையூர் மண் என்று எழுதினார். அடுத்துவரும் மாணவர்கள் அக்கட்டுரையைப் புரட்டும்போது, சுப்பாராவ் யார் என்னும் கேள்விக்கு அவர்களுக்கு விடை கிடைக்கும்.